டம்ளரின் அடியில் சிவப்புப் புள்ளி

வெள்ளி, இரவு

அவருக்கு டிபி இல்லையாம். மாதக்கணக்காகச் சாப்பிட்ட டிபி மாத்திரைகளை இன்று நிறுத்திவிட்டார்கள். அவர் ரத்தம் கொடுக்கக் கீழே போயிருந்தபோது டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: “மாத்திரைல புண் ஆறலம்மா. இது வேற. சிறுகுடல்ல புண்ணு வந்து வந்து, குடலே சுருங்கிக்கிட்டு போற வியாதி. ரொம்ப அபூர்வம். வெட்டி எடுத்தாலும் பக்கத்துல திரும்ப வரும்.”

மருந்து இருக்கா என்றேன். “குடுத்துப் பார்ப்போம்” என்றார்.

திரும்பும் ரயில் குரோம்பேட்டை வருவதற்குள் அவரிடம், டிபி இல்லை என்ற முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

குடல் டிபி டம்ளரால் தொற்றாது என்று மாத்திரை தொடங்கியபோதே சொல்லியிருந்தார்கள். இவர்தான் கேட்காமல், பாப்பா மாற்றிக் குடித்துவிடுவாள் என்று தன் டம்ளரின் அடியில் என் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதை பிளேடால் சுரண்டினார்.

“இனிமே எது யாருதுன்னு பார்க்க வேணாம்” என்று மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தார். அவ்வளவு சந்தோஷம்.

டிபியாக இருக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி வேண்டியவள் நான். பலித்துவிட்டது. இன்றும் ஏற்றினேன். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன்.