சர்க்கரை டப்பாவின் அடியில்

அன்பு மச்சானுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் பல் டாக்டரின் சிவப்பு வண்டியும் சுகம். வண்டியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது, கத்தத்தான் வரும். அதனால் உன் அக்கா நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதுங்க, பாதியை முழுங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் டாக்டரின் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினை மொத்தமாகப் பிரித்து, ஆறு மாதம் பாடுபட்டு நீ கட்டினாய். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டும் என் பொறுப்பு. ஸ்டார்ட் செய்தால் ஒரு நிதானத்தில் நிற்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இருமிக்கொண்டு கரும்புகை விட்டது. பின்பக்கத்து ப்ளக் இரண்டும் அடுப்புக்கரியாக வந்தன. நான் உடனே டாக்டர் முன்னாலேயே, "ரிங்கை ஒழுங்காப் போடத் தெரியாதவன் இன்ஜின்ல ஏன்டா கை வைக்கிறே" என்று கேட்டேன். நீ ஸ்பேனர்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாய். பிஸ்டனில் நீ மாட்டிய ரிங்கில் கோளாறு என்றால் ஆயில் எரிந்து புகை நீலமாக வரும். வந்ததோ கறுப்பு. இருபது வருஷமாக இதே வேலை பார்ப்பவனுக்குக் கோபத்தில் நிறம் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதுதான் நான் முழுங்கப் பார்த்த பாதி. நீ ஊரைவிட்டுப் போன மறுநாளே உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தேன். நாலும் ஒரே அளவு. நீ கட்டியதில் பிழையில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வேறு ஏதாவது உன் தலையில் கட்டக் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தேன். டைமிங் பார்த்தேன், பாயிண்ட் மாற்றினேன், கேஸ்கெட் வழியாகக் காற்று நுழைகிறதா என்று பார்த்தேன். கார்புரேட்டர் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. அது நான் செய்த வேலை அல்லவா.

போன செவ்வாய்க்கிழமை உன் அக்காவுக்கு லேசாகக் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே. காலையில் டீ போட நான் போனேன். சர்க்கரை தீர்ந்திருந்தது. புதுப் பாக்கெட்டைக் கொட்டுவதற்கு முன் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் ஆணியால் கீறிய உன் கோணல் எழுத்து: "பின் கார்புரேட்டர். இதோட சாமான் இதுலயே இருக்கணும். கலக்காதீங்க மாமா." உப்பு டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். அதில் "முன்" என்று இருந்தது. அதற்குள் டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

என் சுத்தப் பைத்தியம் உனக்குத் தெரியும். அந்த இரண்டு டப்பாவிலும் நீ தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த சாமானை ஒரே தட்டில் கொட்டிக் கழுவி, அழகாக அடுக்கி வைத்தேன். டப்பாக்களையும் மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துச் சமையலறைக்குக் கொடுத்தேன். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் உருளை ஒவ்வொன்றும் அதனதன் மூடிக்கென்றே கடைந்தது. நான் ஜோடியை மாற்றிவிட்டேன். குளிர்ந்திருக்கும்போது விரலால் தூக்கி விட்டால் ஒழுங்காக விழுந்தது, அதில்தான் ஏமாந்தேன். சூடானால் பின்னால் இருப்பது பிடித்துக்கொண்டு மேலே எழாமல் நின்றிருக்கிறது. காற்று குறைந்து, பெட்ரோல் கூடி, அத்தனை கரியும் அதனால்தான்.

ஜோடியைச் சரியாக மாட்டி, பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி உருளைகளைத் தூக்கி விட்டேன். இரண்டும் டக், டக் என்று விழுந்தன. ஸ்டார்ட் செய்தேன். மச்சான், அந்த இன்ஜின் ஓடுவதை நீ கேட்க வேண்டும். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறாள் உன் அக்கா. கண்ணில் பெட்ரோல் பட்டது என்பது என் கட்சி.

டாக்டரை வரவழைத்தேன். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நிற்க வைத்து, தப்பு என்னுடையது, பையன் வேலை சுத்தம் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான்கூட ஒருத்தருக்கு நல்ல பல்லைப் பிடுங்கியிருக்கேன்" என்றார். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. "அந்தத் தம்பி கையால குடுத்தா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார்.

நீ அங்கே ஏதோ கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவதாகவும், இனி ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று சொன்னதாகவும் அக்கா சொன்னாள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் என் ஒரு வார்த்தைக்காக அந்தக் கை சும்மா இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

பின் கார்புரேட்டரின் நட்டை இன்னும் ஒரு துளி திருப்ப வேண்டும். பெட்ரோல் இம்மியளவு கூடுதலாக இருக்கிறது. என் காதுக்கே கேட்கிறது, ஆனாலும் நான் தொடவில்லை. நீ கட்டிய இன்ஜின், நீ வந்து முடித்துக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு. குறையில்லாமல் நன்றாக இரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
மாமா

பின்குறிப்பு: உப்பும் சர்க்கரையும் பாட்டிலுக்குப் போய்விட்டன. டப்பா இரண்டும் உன் ஷெல்ஃபில் இருக்கின்றன. சர்க்கரை டப்பாவில் எறும்பு மொய்க்கிறது. இருந்தாலும் நான் கழுவவில்லை.