சைவப் பூனைக்குக் கருவாடு

ஆழ்வார்குறிச்சி
4-8-2024

கோயம்புத்தூரில் மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டு உலகத்தையே நிலைநிறுத்தும் மருமகள் டாக்டர் சித்ரலேகாவுக்கு,

மாமா சிவசண்முகம் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுவது. என் வாசலில் சோறு தின்னும் மகாராணி மறுபடியும் குட்டி போட்டுவிட்டாள். தெருவில் இப்போது மனிதர்களைவிடப் பூனைகளே அதிகம். ரேஷன் கார்டு கேட்காததுதான் பாக்கி. எதிர்வீட்டு அம்மையப்பன் நேற்று வந்து, "உம்ம பட்டாளத்தைத் தாயும் பிள்ளையுமா சாக்குல கட்டிப் பாபநாசம் காட்டுல விட்டுருவேன் வே" என்றான். செய்கிற ஆள்தான். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தோசை இறங்குகிறது.

மாமா

*

கோயம்புத்தூர்
9-8-2024

அன்பு மாமா,

குட்டிகள் பால் மறந்ததும் மகாராணிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம். அம்பாசமுத்திரத்தில் என் தோழி டாக்டர் டெபோரா இருக்கிறாள். கூண்டு அவளே தருவாள். ஆபரேஷன் முடிந்ததும் அடையாளத்துக்குக் காது நுனியில் கொஞ்சம் வெட்டி, அதே தெருவில் கொண்டுவந்து விடுவாள். குட்டிகளுக்கு வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம். இனிமேல் பெருகாது என்று சொன்னால் அம்மையப்பன் மாமா பொறுப்பார்.

கூண்டுக்குள் கருவாடு வையுங்கள். முதல் நாள் அவளுக்குச் சோறு வைக்கக் கூடாது. என்னைத் திட்டாதீர்கள்.

சித்ரா

*

ஆழ்வார்குறிச்சி
22-9-2024

தாய்மாமன் மடியில்லாமலே காதில் கத்தி வைக்கும் மருமகளுக்கு,

அம்மையப்பன் ஆயுதபூஜை வரை தவணை தந்தான். கருவாடு வாங்க ஏரல் வரை போனேன், அங்கேதான் என்னை யாருக்கும் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் என்னைச் சுற்றி ஒரு ஜில்லா அளவுக்கு இடம் காலியாயிற்று. ஏழு தலைமுறைச் சைவம் ஒரே பொட்டலத்தில் போயிற்று. மகாராணி வந்தாள், முகர்ந்தாள், என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிட்டாள். நம் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதிச் சோற்றில் வளர்ந்தவள் அல்லவா!

சரியென்று சொதிச் சோறு வைத்தேன். அப்போதும் வரவில்லை. கூண்டுக்குப் பின்னால் நான் உட்கார்ந்து கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். சோற்றைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

கதவு விழுந்தது. அதன் பிறகு அவள் என்னைப் பார்த்ததை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது.

மாமா

*

கோயம்புத்தூர்
27-9-2024

அன்பு மாமா,

ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். தையல் ஆறுகிறதாம். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், சில பூனைகள் தங்களைப் பிடித்துக் கொடுத்தவரிடம் திரும்பி வருவதில்லை. ஆனால் மாமா, அவள் இனி காட்டுக்குப் போக வேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சித்ரா

*

ஆழ்வார்குறிச்சி
20-10-2024

சித்ரா,

கொண்டுவந்து விட்ட நாள் முதல் அவள் என் வாசலை மிதிக்கவில்லை. குட்டிகள் என்னிடம், தாய் எதிர்வீட்டில். அம்மையப்பனின் ஈஸிசேரில் அவள் படுத்திருக்கிறாள், அந்தப் பாவி தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். நேற்று நியாயம் கேட்கப் போனேன். வாயில் விரல் வைத்து, "பைய பேசும் வே, பிள்ளை உறங்குது" என்கிறான்.

அவள் உறங்கவில்லை. என் குரல் கேட்டதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

இன்று காலையிலிருந்து ஒரு வேலையும் இல்லாமல் அந்த வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருக்கிறேன்.

மாமா