எதிர்வீட்டுக் குரல்

ஒக்டோபர் 14, திங்கள்

விடியவே மழை. காலி வீதியில் வெள்ளம், பஸ் ஊர்கிறது. வெளியே போகவில்லை.

புது ஹோம் தியேட்டரை டீவியோடு பூட்டியாயிற்று. ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி. வீட்டு வை-ஃபையில் ஐந்தே நிமிடத்தில் சேர்த்துவிட்டேன். ஒரே பெருமை.

மனைவி வசந்தியின் தம்பி பாலா கொள்ளுப்பிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. போனில் பெருமையடித்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அத்தான், உங்கட பாஸ்வேர்ட் ஆருக்கெல்லாம் தெரியும்?"

எண்ணினேன். எதிர்வீட்டு ராசமணி அக்கா. கீழ்வீடு. மேல்மாடி டியூஷன் பிள்ளைகள். கொரோனாக் காலத்தில் வசந்தி சீனி கொடுப்பதுபோல எல்லோருக்கும் கொடுத்தது.

"அப்ப உங்கட டீவியும் பொதுச் சொத்துத்தான். அந்த வை-ஃபையில இருக்கிற எந்தப் போனில இருந்தும் அதில படமும் பாட்டும் போடலாம். வீட்டுக்கு வேற, அயலுக்கு வேற எண்டு பிரியுங்கோ."

நாளைக்குப் பார்க்கலாம். முதுகு வலி.

ஒக்டோபர் 15, செவ்வாய்

பின்னேரம் நாலரை. ஏசி, கதவு பூட்டி, பழைய படம். திடீரென்று திரை கறுத்தது. பிறகு குரல் மட்டும்.

"அம்மா, ஆறுதலாக் கேளுங்கோ."

ரூபன். ராசமணி அக்காவின் மகன். பிரான்சில் ஹோட்டல் வேலை என்று அக்கா எல்லோருக்கும் சொல்லித் திரிகிற பிள்ளை. வேலை இல்லையாம். எட்டு மாதமாக அகதி முகாமிலாம். நாளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்களாம், போனைப் பறித்துவிடுவார்களாம். "நானாப் போன் எடுக்கும்வரைக்கும் நீங்கள் எடுக்காதைங்கோ. ஆரிட்டையும் சொல்லாதைங்கோ." பிறகு அழுகை. பேஸ் பெட்டி அதையும் விடவில்லை.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டேன். சீ.

கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அக்கா வழக்கம்போலப் படிக்கட்டில். எங்கள் வை-ஃபை அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். போனைக் காதில் வைப்பதும் தட்டுவதுமாக இருந்தார். சத்தம் போடாமல் மூடிவிட்டேன்.

வசந்தி: "கேட்டதெண்டு மூச்சும் விடாதைங்கோ. மனிசி வெக்கத்தில செத்துப்போகும்."

ஒக்டோபர் 16, புதன்

வெயில். பாலா போனில் சொல்லச் சொல்லச் செய்தது:

ரவுட்டர் பாஸ்வேர்ட் மாற்றம்.
வீட்டு வை-ஃபைக்குப் புதுப் பாஸ்வேர்ட்.
அயலுக்குத் தனியாக ஒரு கெஸ்ட் வை-ஃபை.
டீவி இனி என்னைக் கேட்காமல் எவருடைய போனையும் ஏற்காது.

பட்டியலில் பதினொரு போன். எல்லாம் கழன்றன. அக்காவுடையதும். நிம்மதி வந்திருக்க வேண்டும்.

கெஸ்ட் பாஸ்வேர்டைத் துண்டில் எழுதி இரண்டு தரம் எதிர்வீட்டுக் கதவுவரை போனேன். தட்டவில்லை. பயந்தாங்கொள்ளி.

ஒக்டோபர் 17, வியாழன்

வசந்தி இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கும்போது அக்காவே வந்தார். கண் வீங்கி.

"தம்பி, நேத்தில இருந்து இன்டர்நெட் இல்லை. போனும் பழுது. செவ்வாய்க்கிழமை பிள்ளை வீடியோ அனுப்பினவன். வாய் அசையுது, சத்தத்தைக் காணேல்ல. ஒருக்காப் பாத்தா அழிஞ்சுபோற வீடியோவாம். அதுக்குப் பிறகு நான் போன் பண்ணினா எடுக்கிறானில்லை. என்ன சொன்னவனெண்டு தெரியாமல் ரெண்டு நாளா சாப்பாடு இறங்கேல்ல."

அப்போதுதான் விளங்கியது. போனில் எதையோ தவறுதலாக அழுத்தியிருக்கிறார். படம் அவரிடம் நின்றுவிட்டது, சத்தம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை தாய்க்குச் சொன்னது இந்த உலகத்தில் எனக்கும் வசந்திக்கும்தான் தெரியும்.

வசந்தி, அக்காவின் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அக்கா, உள்ள வந்து இருங்கோ."

சொன்னேன். முகாம். இடமாற்றம். எடுக்க வேண்டாம் என்றது. நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த என் கேவலத்தையும் சொன்னேன். அழுததை மட்டும் விட்டுவிட்டேன்.

ஏசுவார் என்று காத்திருந்தேன். அக்கா ஐந்து ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கடைசியில முகத்தைக் கையால மூடிப்போட்டான். எனக்கு அதுதான் தெரிஞ்சது. அழுதவனோ, தம்பி?"

"ஓம் அக்கா."