ஜெராக்ஸில் வந்த குலக் கதை

ஜூன் 12, திங்கள்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு மகள் செல்வியின் ஜாதிச் சான்றிதழுக்காக அலைச்சல். நர்சிங் சீட் கிடைத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

என்னுடைய பழைய சான்றிதழ் இப்போது செல்லாதாம். "நீங்க இருளர்னு எப்படிங்க நம்பறது?" என்றார் கிளார்க். பார்வை என் கைக்கடிகாரத்தில். டெலிபோன் ஆபீசில் வேலை செய்யும் இருளப் பெண்ணை அவர் பார்த்ததில்லை போல. பாம்புக்கூடையோடு போயிருக்க வேண்டும்.

22-ம் தேதி விசாரணை. எனக்கும் செல்விக்கும். குலம், சாமி, சாவுச் சடங்கு, குலக் கதை எல்லாம் கேட்பார்கள்.

ரவை. குடைக்கம்பி. செல்விக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

ஜூன் 14, புதன்

போட்டோ கொடுக்கப் போனேன். ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிறவர் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, இருளர் கேசுங்களா? இதைப் படிச்சுப்போட்டுப் போங்க. உள்ள ஐயா கையில இருக்கறதும் இதே தாளுதானுங்க." ஜெராக்ஸ், நாலு பக்கம், கேள்வியும் பதிலும். யார் யாரோ இதை மனப்பாடம் செய்து இருளர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள்!

மூன்றாம் பக்கத்தில் எங்கள் குலக் கதை. வெளியாளிடம் சொல்லாத கதை அது. பெருமழை, ஆறு ஊரை அடித்துக்கொண்டு போகிறது. ஆதித்தாயின் ஒரு கையில் நெருப்புச் சட்டி, மறு கையில் செத்துப்போன புருஷனுக்காக எடுத்த கல். ஒன்றைத்தான் கரை சேர்க்க முடியும். "கல்லை விட்டாள், நெருப்பைக் காப்பாற்றினாள்" என்று தாளில் முடிகிறது.

தப்பு. அவள் விட்டது நெருப்பை. கல்லோடுதான் கரையேறினாள். அதனால்தான் எங்களில் யார் செத்தாலும் ஆற்றில் ஒரு கல் எடுத்து, முன்னோர் கற்களோடு வைக்கிறோம்.

யார் கொடுத்திருப்பார்கள்? அண்ணன் மேல்தான் சந்தேகம். போன வருஷம் டேப் ரிக்கார்டரோடு ஓர் ஆராய்ச்சிக்காரர் அவன் வீட்டில் இரண்டு நாள். அவர் போன பிறகு அண்ணன் கையில் புது டார்ச் லைட்.

ஜூன் 18, ஞாயிறு

மேட்டுப்பாளையம் பஸ். நின்றபடியே. அங்கிருந்து ஊருக்கு நடை. செருப்பு வார் அறுந்தது.

அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன். சிரிக்கிறான்!

"அந்தாளு உட மாட்டேன்னுட்டாரு அம்மணி. சொல்லித்தான் தொலைச்சேன். ஆனா கடைசியத் திருப்பிப்போட்டேன்."

"அந்த டார்ச்?"

"அவரு குடுத்ததுதான். பொய்க்கு அது போதும்."

ஆபீசர் கையிலும் இதே தாள்தான், நிஜத்தைச் சொன்னால் செல்வி ஃபெயில் என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

கிளம்புமுன் செல்வி அப்பாவின் கல்லைப் பார்க்கப் போனேன். அவர் போய் நாலு வருஷமாகிவிட்டது. பாசி பிடித்திருந்தது. அத்தனை கற்களுக்கு நடுவே எது அவர் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 20, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். தாளில் உள்ளபடியே சொல்வது. செல்விக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். நிஜக் கதையை அவளுக்கு இதுவரை சொன்னதில்லை. டவுனில் வளர்ந்தவள், சிநேகிதிகளிடம் உளறுவாள் என்ற பயம். பெற்ற பெண்ணையே நம்பாத ஜென்மம் நான்.

"அவ கல்லை ஆத்துல உட்டுட்டான்னா, அப்பாவுக்கு எதுக்கும்மா கல் வெச்சோம்?"

"கேள்வி கேக்காத கண்ணு. படி."

பால் திரிந்துவிட்டது. வரக் காப்பி.

ஜூன் 22, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

ஆபீசர் மேஜையில் அதே நாலு பக்கம், மூலையில் பின் குத்தி. முதலில் செல்வி. கடகடவென்று ஒப்பித்தாள். அவர் வரிக்கு வரி டிக் போட்டார்.

அடுத்து நான். பெருமழை, ஆறு, நெருப்புச் சட்டி வரை சரியாக வந்தது. "கல்லை விட்டாள்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. வாய் வரவில்லை. பாசி பிடித்த கல்தான் கண்ணுக்குள்.

"கல்லைத்தானுங்க எடுத்துட்டு வந்தா. நெருப்பை உட்டுட்டா."

"உங்க பொண்ணு மாத்திச் சொல்லுச்சே?"

"நான்தானுங்க தப்பாச் சொல்லிக்குடுத்தேன். உங்க தாளும் தப்புங்க."

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப இதுவரைக்கும் சரியாச் சொன்னவங்க எல்லாம் யாருங்க?" பேனாவை மூடினார். "பாக்கலாம். தபால்ல வரும்." என்ன வரும் என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை செல்வி எனக்கு முன்னாலேயே நடந்தாள். சீட் போயிற்று என்று அழப்போகிறாள், என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். பஸ் நகர்ந்ததும், "எனக்கும் அந்தத் தாளைத்தானே குடுத்த?" என்றாள். சுருக்கென்றது. பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இப்பச் சொல்லு. முதல்ல இருந்து."

கண்டக்டர் பக்கத்தில் நின்று சில்லறை தேடிக்கொண்டிருந்தார். அவர் முன் சீட்டுக்கு நகரும்வரை நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் சொன்னேன்.