இரண்டு பேரிடமும் மறைத்தது

என் வீட்டுக்காரருக்கு,

சோறும் காயும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். உப்புப் போடவில்லை. நீங்களும் போட வேண்டாம்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் நீங்கள் ஒளித்து வைத்த கஷாயப் பொடியோடு, நேற்று அதைக் கொடுத்த மூலிகை வைத்தியரிடம் சண்டைக்குப் போனேன். "சர்க்கரைன்னு மட்டும்தாம்மா சொன்னாரு. கிட்னி கெட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இதைக் கண்ணுலகூட காட்டியிருக்க மாட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை வாய்க்கு வந்தபடி பேசிய பாவம் எனக்கு. மன்னிப்புக் கேட்டேன். அவரோ எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பொடியிலுள்ள பதினொரு மருந்துச் சரக்கையும் தன் கையாலேயே எழுதித் தந்தார்.

அவரிடம் கிட்னியை மறைத்தீர்கள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் பொடியை மறைத்தீர்கள். கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியதும், பாவம் அந்த டாக்டர், தன் மாத்திரைதான் சரியில்லை என்று மாற்றி மாற்றி எழுதுகிறார். யாரை ஏமாற்றுகிறீர்கள்? கடவுளுக்குத் தெரியும். உங்கள் ரத்தத்துக்கும் தெரியும்.

இன்று மூன்று மணிக்கு டாக்டர். வைத்தியர் எழுதிய சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் வரமாட்டேன். வந்தால் அங்கேயே கத்திவிடுவேன்.

போகும்போது சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

மழை வரும்போலிருக்கிறது. குடை எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. நேற்றுத் துணி மடிக்கும்போது மகள் கேட்டாள்: "என் கிட்னி அப்பாவுக்குச் சேருமாம்மா?" பன்னிரண்டு வயது. அவளுக்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள்.