முகட்டுக்கு வந்த மூன்று பேர்

பிரதமர் இல்லம்
மார்ச் 3

என் வாலுப் பயலுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை ராணுவச் செய்திக்குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பெற்றவளுக்கு இது ஒரு பிழைப்பா? நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

இந்தக் கடிதம் ரேஷன் கழுதை மேல் ஏறி உன் சாவடிக்கு வருவதற்குள் ரேடியோ முந்திக்கொள்ளும். இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன். எல்லை முகட்டுத் தகராறைச் சர்வதேச மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்துவிட்டேன். பக்கத்து நாடும் சம்மதித்துவிட்டது. வெளிநாட்டார் மூன்று பேர் நேரில் வந்து பார்த்து, முகடு யாருக்கு என்று சொல்வார்கள். சொன்னதை இரண்டு தரப்பும் ஏற்க வேண்டும்.

மந்திரிசபையில் ஒரே கூச்சல். "பூனைங்களுக்குக் குரங்கு பங்கு வெச்ச கதையா முடியும்மா" என்றார் பாதுகாப்பு மந்திரி. "முடியட்டும். இப்ப ரெண்டு பூனையும்தான் செத்துக்கிட்டு இருக்கு" என்றேன். அறிவிப்பதற்கு முன்னால் உன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் மகனுக்காகச் செய்தாள் என்பார்கள் என்றும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். உன்னைக் கேட்காமல் மாற்றினால் ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாய். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குளிருக்கு இரண்டு காலுறை போடு.

அம்மா

முகட்டுச் சாவடி
மார்ச் 11

அம்மா,

காலுறை போட்டிருக்கிறேன்.

ரேடியோவில் கேட்டேன். என் ஆட்கள் இருபது பேரும் கூடவே இருந்தார்கள். மறுநாள் சமையல்காரர் தட்டை எனக்கு முதலில் நீட்டினார். அதுவரை எல்லோரோடும் வரிசையில் நின்று வாங்கியவன் நான். படாத பாடு பட்டுக் கேப்டன் ஆனேன்; ஒரே சாயங்காலத்தில் என்னை அம்மா பிள்ளை ஆக்கிவிட்டாய்.

இங்கே எப்படி இருக்கிறோம் என்று அங்கே யாருக்காவது தெரியுமா? முகட்டில் ஒரே ஒரு சுனை. காலையில் நாங்கள் தண்ணீர் எடுப்போம், மதியத்துக்கு மேல் எதிர்ப்பக்கத்து ஆட்கள். எடுத்து முடித்ததும் ஒரு விசில். விசில் கேட்காமல் எவனும் தலை காட்ட மாட்டான். போன வருடச் சண்டைக்குப் பிறகு, யாரும் பேசிவைக்காமல் தானாக வந்த ஏற்பாடு. மேலிடத்துக்குத் தெரிந்தால் நிறுத்தச் சொல்வார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

அந்தச் சண்டையில் இறந்துபோன சார்ஜென்ட்டின் தொப்பி இன்னும் இங்கே ஆணியில் தொங்குகிறது. நான் வருவதற்கு முன் நடந்தது. குறட்டையில் மன்னராம், 'இன்ஜின்' என்றுதான் சொல்கிறார்கள். முகட்டை எவனோ வெளியாள் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டால், இன்ஜினின் மனைவியிடம் போய்ச் சொல்வது யார்? நான்தானே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல். எனக்காகத்தானே செய்தாய்?

உன் மகன்

பிரதமர் இல்லம்
ஏப்ரல் 2

கண்ணா,

'இல்லை' என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். ஆமாம். உன்னை முகட்டுக்கு மாற்றிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தளபதி வரைபடத்தை விரித்தால் உன் முகம்தான் தெரிந்தது. அதற்கப்புறம்தான் மற்றப் பிள்ளைகள் தெரிந்தார்கள். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எதிர்க்கட்சித் தலைவர் சபையில் எழுந்து, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்" என்றார்.

இன்னொரு சங்கடம். சுனையில் நம்மைத் தவிர வேறு யாரும் தண்ணீர் எடுத்ததில்லை என்பதுதான் மத்தியஸ்தர்களுக்கு நாம் கொடுத்த மனுவுக்கே அஸ்திவாரம். தளபதி எழுதிக்கொடுத்தார், நம்பிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் உன் கடிதம் வந்தது. இப்போது மனுவைத் திருத்தப் போனால் மந்திரிகள் விலகுவார்கள், அரசு கவிழும், மத்தியஸ்தமும் நின்றுவிடும்.

மூன்று பேரும் அடுத்த மாதம் அங்கே வருகிறார்கள். சாவடிக்குத் தலைவன் நீ, உன்னைத்தான் கேட்பார்கள். "பையனைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க, போதும்" என்கிறார்கள் இங்கே. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா உன்னை வளர்த்தேன்? உள்ளதைச் சொல். நாற்காலி போனால் போகட்டும்.

என் மேல் கோபம் இருந்தாலும் பதில் போடு.

அம்மா

கீழ் முகாம்
ஆகஸ்ட் 19

அம்மா,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம், வேறு சாக்கு இல்லை.

அவர்கள் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். முடிவு உனக்குத் தெரியும். முகடு அவர்களுக்கு, சுனை இருவருக்கும் பொது, இனி அங்கே எவனும் துப்பாக்கியோடு நிற்கக் கூடாது. என் ஆட்கள் இருபது பேரையும் முழுசாகக் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன் பதவி போனதையும் ரேடியோவில்தான் கேட்டேன்.

நேற்று இன்ஜினின் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், பாதி தைத்த பள்ளிச் சட்டைகள். தொப்பியைக் கொடுத்தேன். நன்றாகத் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். முகடு போனதைப் பற்றி அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்:

"இந்த மூணு பேரைப் போன வருஷமே கூப்பிட்டிருக்கக் கூடாதா தம்பி? அப்பவும் உங்க அம்மாதானே பிரதமரா இருந்தாங்க?"

பதில் எனக்குத் தெரியும்: போன வருடம் நான் முகட்டில் இல்லை. நீயே எழுதியிருந்தாய். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. "அம்மாவையே கேளுங்க" என்றேன். "வருவாங்களா?" என்றார்.

எனக்கு ஆறவில்லை அம்மா. நீ பொய் எழுதாமல் இருந்தாய், அதனால்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மறுநாள் காலையில் நீயும் நானும் அந்த மாடிக்குப் போகிறோம். வேறு யாரும் கூட வர வேண்டாம். பேச வேண்டியவள் நீ. பேசி முடிக்கிற வரைக்கும் நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் மகன்