சாமைக்குக் கொடுத்த ஈசல்

மே 6, 2025

சாமை இன்றும் கையைத் தூக்கி மெதுவாகச் சுற்றியது. எனக்கில்லை, கண்ணாடித் தொட்டியில் தெரியும் தன் உருவத்துக்கு. தாடி ஓணான் குஞ்சு தன்னைவிடப் பெரியதைக் கண்டால் இப்படிச் செய்யுமாம். 'நான் சின்னது, உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்' என்று அர்த்தமாம். ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நான் தூக்கிய கையும் இப்படித்தான் இருந்திருக்கும். அந்த வகுப்போடு நின்றுவிட்டேன்.

சுகுணா அக்கா ஏரிக்கு மேலே வாடகைக்கு வீடு எடுத்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். நான் அங்கே பாத்திரம் கழுவப் போனவள். நாளை அவர் எட்டு நாள் சென்னை போகிறார். அவர் வளர்க்கும் சாமை என் பொறுப்பு. (சாமை நான் வைத்த பெயர். உடம்பு அந்த நிறம்.)

அம்மாவுக்குச் சிரிப்பு. "ஓணானக் கண்டா எல்லாரும் கல்லெடுப்பாங்க. எம்புள்ள சோறூட்டப் போறா!"

மே 7

தொட்டியின் மேல் அக்கா ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது. வெளியே பிடித்த பூச்சி கூடவே கூடாது. டப்பாவில் வளரும் சுவர்க்கோழிப் பூச்சி மட்டும், கால்சியம் பொடியில் புரட்டி. கீரையைப் பொடியாக அரிய வேண்டும். பல்பு காலை ஏழு முதல் மாலை ஏழு வரை.

பல்புதான் அதற்குச் சூரியன். கீழே வாயைத் திறந்தபடி கிடக்கிறது. அதன் இனத்துக்குச் சொந்த ஊர் செம்மண் பாலைவனமாம். இது பிறந்ததோ பெங்களூரில் யாரோ வீட்டில். பார்க்காத ஊரைக் கனவில் காண முடியுமா? நான் கடலைக் காண்கிறேனே.

மே 9

ராத்திரி மழை. விடியும்போது ஈசல்! மண்ணிலிருந்து புகை மாதிரி எழுந்தது. அம்மா குண்டாவில் தண்ணீர் வைத்துப் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்தாள். நான் சின்னதில் நோஞ்சானாம். முதல் பிடி எப்போதும் எனக்குத்தான். "ஈசல் தின்னுதான் ஒடம்பு தேறுன."

வறுக்காததில் கொஞ்சம் டிபன் டப்பாவில் எடுத்துப் போனேன். தாளைப் பார்த்தேன். பூச்சி என்றுதான் எழுதியிருக்கிறது. ஈசலை எங்கள் ஊரில் யார் பூச்சி என்பார்கள்? அது பலகாரம்.

முதல் மூன்றுக்குச் சிறகைப் பிய்த்தேன். அப்புறம் சாமையே எட்டிப் பறித்தது. எவ்வளவு சந்தோஷம் அதற்கு! இருபதுக்கு மேல் இருக்கும்.

மத்தியானம் கரன்ட் போனது.

மே 10

கரன்ட் இல்லை. மலை ரோட்டு வளைவில் மரம் கம்பி மேல் விழுந்திருக்கிறது. ஜன்னல் இடுக்கு வழியாக மேகம் வீட்டுக்குள்ளே வந்து தொட்டியின் பக்கத்தில் நின்றது.

மே 11

வளைவு வரை நடந்தால்தான் சிக்னல். அக்காவின் மெசேஜ்: சாமை எப்படி இருக்கு? 'நல்லா இருக்குங்க அக்கா' என்று கை தானாக அடித்து அனுப்பிவிட்டது.

நல்லா இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லு மாதிரி. நடக்கையில் பின்னங்கால் இரண்டும் இழுபடுகிறது. நான்தான். நான்தானே?

மே 12

அம்மாவிடம் சொன்னேன். "செத்தா இன்னொண்ணு வாங்கிக்குவாங்க, உடு கண்ணு." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "போயிப் பேசு. வாயத் தொறந்தா முத்தா உதுந்துரும்?"

வளைவில் நின்று மூன்று தடவை போன் அடித்து, அடித்து, வைத்தேன். நான்காவது தடவை வைப்பதற்குள் அக்கா எடுத்துவிட்டார்.

"ஈசல் குடுத்துட்டேங்க அக்கா. நெறைய. நேத்து பொய் சொன்னேங்க."

அக்கா முதலில் கேட்டது, "பல்பு எரியுதா?"

"மூணு நாளா கரன்ட் இல்லீங்க."

"சரி, அழாத. அப்புறம் திட்டறேன்."

சேலத்து டாக்டர் மணிவண்ணனை லைனில் சேர்த்தார். சூடு இருந்தால்தான் அதற்கு ஜீரணம் ஆகுமாம். சூடு இல்லாமல் தின்றது அப்படியே அடைத்துக்கொண்டு முதுகு நரம்பை அழுத்துகிறது. அதனால்தான் கால். வெதுவெதுப்பான தண்ணீரில் தோள் முழுகாமல் இருபது நிமிடம் விட்டு, வயிற்றை வால் பக்கமாக மெல்ல நீவ வேண்டும். தீனி கூடாது. இரண்டு நாளில் சரியாகாவிட்டால் சேலத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

கால் மணி நேரம் பேசினேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்கப் பேசியதைவிட அதிகம்.

மே 13

சாமையை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். விறகு அடுப்பில் வெந்நீர், பாட்டிலில் ஊற்றித் துண்டு சுற்றி இரண்டு பக்கமும். ஆறினதும் அம்மாவே மாற்றுகிறாள். "கண்ணையே தொறக்க மாட்டீங்குதே" என்று என்னிடம் கோபிக்கிறாள்.

அதன் உச்சந்தலையில் மூன்றாவதாக ஒரு கண் உண்டாம். அதற்கு வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும். வேறு எதுவும் தெரியாத கண். மூடிய இமைகளுக்கு மேலே அது விழித்துக்கொண்டு சூரியனைத் தேடுகிறதோ? வானத்தில் வெளுத்த இடமாகப் பார்த்து வாசலில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 14

காலை பத்து மணி. வெந்நீரில். போயிருச்சு! நிறையப் போயிருச்சு!

சிறகுகள் அப்படியே வந்தன, ஒன்றுகூடக் கிழியவில்லை. தண்ணீர் மேல் கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்கின. அம்மா குண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பில் அடுத்த வெந்நீரை வைக்கப் போனாள்.

மே 15

அக்கா வந்தார். திட்டினார். ஈசலுக்கு அவ்வளவு இல்லை, அந்த மெசேஜுக்கு. அழுதேன். பிறகு இருவரும் சாமையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினோம்.

செப்டம்பர் 19

இடது கால் சரியானது. வலது கால் இன்னும் இழுக்கிறது. அப்படியே இருக்கும் என்கிறார் டாக்டர்.

தொட்டித் தாளில் இப்போது கடைசியாக ஒரு வரி கூடியிருக்கிறது. அக்கா என் கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னது: 'கரன்ட் இல்லாத நாளில் தீனி இல்லை. ஈசலும் பூச்சிதான்.'

மதியத்திலிருந்து கரன்ட் இல்லை. மழை விட்டதும் ஈசல் வந்து ஜன்னலில் மோதின. அம்மா ரோட்டிலிருந்து குண்டாவோடு கத்தினாள், "வாடி, அப்பறம் பறந்து போயிரும்!" நான் போகவில்லை.

சாமை வலது காலை இழுத்து இழுத்து ஜன்னல் பக்கம் வந்தது. ஈசலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. வெந்நீர் பாட்டிலை அதன் பக்கம் நகர்த்திவிட்டு, திரையை இழுத்து மூடினேன்.

"நாளைக்கு, சாமி. வெயில் வரட்டும்."